விடை தெரிந்த பிறகும் விளையாட: கதைப்புதிர்ப் பெட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம். அது என்ன? தேன்கூடு. இந்த விடுகதையை அப்பத்தா எனக்குப் போட்டபோது ஏழு வயதிருக்கும். விடையைத் தெரிந்துகொண்ட அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அதைப் போட்டுவிட்டேன். யாராவது "குருவிக்கூடு" என்று சொல்லித் திணறும்போது எனக்குள் ஒரு குதூகலம் பொங்கும். விடையைத் தேடிய நேரத்தைவிட, தெரிந்த பிறகுதான் அந்த விடுகதை எனக்கு அதிகம் பயன்பட்டது.

நான்கு பேர் ஒரே அணியாக உட்கார்ந்து, ஒரு கதைக்குள் நுழைந்து, பூட்டு பூட்டாகத் திறந்துகொண்டு போகும் பலகை விளையாட்டுகளை வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வருகிறார்கள்: "ஒருமுறை விளையாடினால் விடை தெரிந்துவிடுமே, மறுபடி எப்படி விளையாடுவது?" நியாயமான கேள்வி. பெட்டியின் விலை குறைவில்லை. பல வருடங்களாக என் வீட்டு மேசையில் இவற்றை விளையாடியும், விளையாட வைத்தும் வருகிறேன். முதல் ஆட்டத்தைச் சிந்தாமல் சிதறாமல் அனுபவிப்பதும், இரண்டாவது ஆட்டத்தில் புதிர் போடுகிறவராக மாறுவதும்தான் நான் கண்ட வழி. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பெட்டி எப்படித் தீர்கிறது என்று பாருங்கள்

கதைப்புதிர் விளையாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி தீர்ந்துபோவதில்லை. வாங்கும் முன் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் பாதி குறையும்.

ஒரு முனையில் இருப்பது ஜெர்மனியின் காஸ்மோஸ் நிறுவனம் 2016-இல் தொடங்கிய 'எக்ஸிட்' வரிசை. இங்கா பிராண்ட், மார்கஸ் பிராண்ட் என்ற தம்பதியர் உருவாக்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் 'கென்னர்ஷ்பீல்' விருதைப் பெற்றது. இதில் அட்டையை வெட்டச் சொல்வார்கள், மடிக்கச் சொல்வார்கள், கிழிக்கவும் சொல்வார்கள். ஆட்டம் முடியும்போது பெட்டியில் மிஞ்சுவது காகிதத் துண்டுகள். காகிதத்தை இப்படித் துணிந்து பயன்படுத்துவதால்தான் இதன் புதிர்கள் அவ்வளவு வியப்பைத் தருகின்றன. ஆகவே, வீணாகிறதே என்று வருந்துபவர் இதை வாங்க வேண்டாம். சினிமா டிக்கெட் வாங்குவதைப் போல நினைத்து வாங்குபவருக்கு இதைவிட நல்ல மாலைப்பொழுது கிடைப்பது அரிது.

'அன்லாக்' வேறு மாதிரி. பிரான்ஸின் ஸ்பேஸ் கௌபாய்ஸ் 2017-இல் கொண்டுவந்தது. பெரிய பெட்டி ஒன்றில் மூன்று சாகசங்கள். ஒவ்வொன்றும் 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. சிவப்பு எண் உள்ள பொருளையும் நீல எண் உள்ள பொருளையும் கூட்டி, வருகிற எண்ணுள்ள அட்டையை எடுக்க வேண்டும். தவறாகக் கூட்டினால் கைபேசிச் செயலியில் ஓடும் கடிகாரத்தில் நிமிடங்கள் கழியும். எதையும் கிழிப்பதில்லை. அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

காஸ்மோஸ் 2019-இல் தொடங்கிய 'அட்வென்ச்சர் கேம்ஸ்' வரிசையிலும் எதுவும் சேதமாகாது. ஒரே கதையை அத்தியாயங்களாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒரு பொருளின் எண்ணை ஓர் இடத்தின் எண்ணோடு சேர்த்து, கதைப்புத்தகத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். ஒருமுறை விளையாடும்போது தொடாமல் விட்ட சேர்க்கைகள் நிறைய மிஞ்சியிருக்கும் என்பதால், இரண்டாவது முறையும் புதிய பத்திகள் கிடைக்கும்.

'டைம் ஸ்டோரீஸ்' 2015-இல் வந்தது. இதில் திரும்ப விளையாடுவதே ஆட்டத்தின் முறை. நேரம் தீர்ந்தால் கதையின் தொடக்கத்துக்கே போக வேண்டும். போன தடவை கண்டுபிடித்தது நம் மூளையில் மட்டும் இருக்கும். பணி முடிந்துவிட்டால் அந்தக் கதையும் முடிந்தது.

மறு முனையில் 'தி க்ரூ'. தாமஸ் ஸிங் உருவாக்கி 2019-இல் வந்த சீட்டு விளையாட்டு. 40 சீட்டுகள், விண்வெளிப் பயணக் கதையாகக் கோத்த 50 பணிகள். யாரும் தன் சீட்டுகளைப் பற்றிப் பேசக்கூடாது. ஒரே ஒரு சீட்டை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு வில்லையை மேலேயோ நடுவிலோ கீழேயோ வைக்கலாம். மேலே என்றால் அந்த நிறத்தில் என்னிடம் உள்ளவற்றில் இதுவே பெரியது. நடுவில் என்றால் இது ஒன்றுதான். கீழே என்றால் இதுவே சிறியது. அவ்வளவுதான் பேச்சு. கலைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் புதிர் புதிதாகப் பிறக்கிறது. கதை மெல்லியது, ஆட்டத்துக்கு ஆயுள் அதிகம். கதை கனமாக ஆக ஆயுள் குறையும். ஏறக்குறைய இந்த வகை முழுவதற்கும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: உங்கள் மேசைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

பெட்டியின் மேல் நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி ஆள் சேர்க்காதீர்கள். சிறிய அட்டை ஒன்றை ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பார்க்க முடியாது. நான்காவது ஆள் கொட்டாவி விடத் தொடங்குவார். எக்ஸிட், அன்லாக் இரண்டுக்கும் இரண்டு அல்லது மூன்று பேர்தான் என் கணக்கு. கூட்டம் அதிகம் என்றால் 2020-இல் வந்த 'மைக்ரோமேக்ரோ: க்ரைம் சிட்டி'யை எடுங்கள். 75 சென்டிமீட்டருக்கு 110 சென்டிமீட்டர் அளவில் ஒரு கறுப்பு வெள்ளை நகர வரைபடம், அதற்குள் 16 வழக்குகள். ஒரே மனிதர் வரைபடத்தில் பல இடங்களில், பல நேரங்களில் வரையப்பட்டிருப்பார். தொப்பி அணிந்தவர் சந்தில் விழுந்து கிடக்கிறார் என்றால், பத்து நிமிடத்துக்கு முன் அவர் எந்தத் தெருவில் நடந்தார் என்று விரலால் பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். ஐந்து பேர் நான்கு பக்கமும் குனிந்து தேடலாம். வழக்குகளில் கொலையும் வருகிறது. சிறு பிள்ளைகளோடு விளையாடுமுன் பெரியவர் ஒருவர் வழக்கு அட்டைகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

வாசிப்பில் ருசி உள்ளவர்கள் என்றால் 'ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்'. 1985-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதை வென்ற பழைய ஆட்டம், இன்றும் அச்சில் வருகிறது. லண்டன் வரைபடம், முகவரிப் புத்தகம், வழக்குக்கு ஒன்றாக நாளிதழ், பத்து வழக்குகள். பெயர் ஒன்று காதில் விழுந்தால் முகவரிப் புத்தகத்தில் தேடி, அந்த எண்ணை வழக்குப் புத்தகத்தில் திறந்து படிக்கிறீர்கள். அந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமலும் போகலாம். முடிவில் உங்கள் மதிப்பெண்ணை ஹோம்ஸுடன் ஒப்பிடச் சொல்வார்கள். ஹோம்ஸ் மிகச் சில இடங்களுக்கு மட்டும் போய் வழக்கை முடித்திருப்பார். அந்த மதிப்பெண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். நான்கு இடங்களில் முடித்துவிட்டு எழுந்திருப்பதைவிட, பதினைந்து வீடுகளின் கதவைத் தட்டி அந்த நகரத்தைப் பார்த்துவிட்டு வருவதுதான் இந்த ஆட்டத்தின் சுகம்.

மூன்றாம் படி: மேசையைத் தயார் செய்யுங்கள்

சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட விரல் அட்டையில் பதிந்தால், அடுத்து விளையாடுபவர் அதையும் ஒரு துப்பு என்று எண்ணிக் குழம்புவார். வெளிச்சம் நேராக மேலிருந்து விழ வேண்டும். ஆளுக்கு ஒரு பென்சில், வெற்றுத்தாள். செயலி தேவைப்படும் ஆட்டம் என்றால் அதை முன்கூட்டியே இறக்கி வைத்து, அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள். விதிகளை ஒருவர் முந்தைய நாளே படித்திருக்கட்டும். விதிகளை மட்டும்; அட்டைகளை அல்ல.

நான்காம் படி: கதையை உரக்கப் படியுங்கள்

பலரும் அவசரப்பட்டுத் தவறவிடும் படி இது. தொடக்கப் பத்தியை ஒருவர் மனதுக்குள் படித்துவிட்டு "சரி, நாம் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டோம், தப்பிக்க வேண்டும்" என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார். அந்த நொடியே கதை போய்விட்டது. மிஞ்சுவது கணக்குப் புத்தகம். நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, ஆளுக்கு ஒரு பத்தியாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. இந்தப் பெட்டிகள் நம் கைக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. என் அம்மாவும் மேசையில் உட்காருவார். அதனால் கதைப்பகுதியை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது கதை இன்னும் நன்றாக வருகிறது. ஆனால் புதிர் உள்ள வரிகளை மொழிபெயர்க்கக் கூடாது. எழுத்துகளின் எண்ணிக்கை, முதலெழுத்து, ஒரு சொல்லுக்குள் ஒளிந்த இன்னொரு சொல் என்று புதிர் அந்த மொழியின் எழுத்துக்கூட்டலிலேயே இருக்கலாம். அத்தகைய வரியை அப்படியே எழுதி நடுவில் வைத்துவிட்டு, பொருளை மட்டும் வாயால் சொல்லுங்கள். படங்களில் உள்ள புதிருக்கு மொழி தேவையில்லை. அம்மா அதில் எங்கள் எல்லாரையும் பலமுறை முந்தியிருக்கிறார். கோலப்புள்ளி எண்ணிய கண் அது.

ஐந்தாம் படி: ஒரே ஆள் ஆட்டத்தை ஓட்ட விடாதீர்கள்

கூட்டாக விளையாடும் எல்லா ஆட்டங்களுக்கும் உள்ள நோய் இது. வேகமாக யோசிப்பவர் ஒருவர் அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்த மாலை முழுவதும் அவருக்கு மட்டுமே சொந்தமாகிவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு வழக்கங்கள் வைத்திருக்கிறோம். புதிய அட்டை எது வந்தாலும் வயதில் சிறியவர் கையில்தான் முதலில் போகும். அவர் பார்த்ததைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் கை நீளக்கூடாது. இரண்டாவது, விடை தெரிந்துவிட்டால் உடனே உடைக்காமல் "எனக்கு ஒன்று தோன்றுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். நேரக் கணக்கில் அது நட்டம்தான், கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: குறிப்பு கேட்க வெட்கப்படாதீர்கள்

எக்ஸிட் பெட்டியில் ஒவ்வொரு புதிருக்கும் மூன்று உதவி அட்டைகள் உண்டு. முதலாவது, இந்தப் புதிருக்கு எந்தப் பொருள்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது வழி காட்டும். மூன்றாவது விடையையே கொடுத்துவிடும். முதல் அட்டையை எடுப்பதில் எந்த இழிவும் இல்லை. தேவையான பொருளே இன்னும் கிடைக்காத புதிரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, "இது இப்போதைக்கு இல்லை" என்று தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

என் கணக்கு இது: மேசையில் பத்து நிமிடம் புதிய பேச்சு எதுவும் எழவில்லை என்றால் முதல் அட்டை. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், தப்பான திசையில் ஓடினாலும், எடுக்க வேண்டாம். தப்பான யோசனைகளில்தான் சிரிப்பு இருக்கிறது.

ஏழாம் படி: வெட்டும் முன் ஒரு நிமிடம்

கத்தரிக்கோல் வேண்டும் என்று ஆட்டம் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் தாளை அப்போதே வண்ண நகல் எடுத்து, நகலை வெட்டினால் அசல் பிழைக்கும். கறுப்பு வெள்ளை நகல் வேண்டாம். நிறமே துப்பாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். முழுப்பெட்டியையும் தொடக்கத்திலேயே நகலெடுக்க உட்காராதீர்கள், பாதி வியப்பு அங்கேயே செத்துவிடும். வீட்டில் நகல் எடுக்கும் இயந்திரம் இல்லையென்றால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் படியெடுத்தாலும் பல இடங்களில் போதும். சிலவற்றைக் காப்பாற்றவே முடியாது. அங்கே மனம் கோணாமல் வெட்டிவிடுங்கள்.

எட்டாம் படி: முடிந்ததும் உடனே எழுந்து போகாதீர்கள்

கடைசிப் பூட்டு திறந்ததும் எல்லாரும் கைபேசியை எடுப்பார்கள். அதற்கு முன் கால் மணி நேரம் வேண்டும். எந்தப் புதிரை யார் எப்படிப் பிடித்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பொருளே இல்லாத ஒரு படத்துக்கு நாம் என்னென்ன பொருள் கற்பித்தோம் என்பதும் அப்போதுதான் வெளிவரும். ஒரு வருடம் கழித்து நினைவில் நிற்பது புதிர் அல்ல, இந்தப் பேச்சுதான்.

அந்தச் சூட்டோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே மாட்டிக்கொண்டோம், எவ்வளவு நேரம், எந்தச் சொல் திறந்துவிட்டது. அடுத்த படிக்கு இது வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் படி: இப்போது நீங்கள் புதிர் போடுகிறவர்

மறுபடி விளையாடுவது என்று நான் சொல்வது இதைத்தான். அதே பெட்டியை வேறு மூன்று பேருக்கு முன் திறந்து, நீங்கள் நடத்துங்கள். உங்களுக்கு விடை தெரியும். உங்கள் வேலை கடிகாரம், கதை வாசிப்பு, குறிப்பு. இது முதல் ஆட்டத்தைவிடக் கடினம். எனக்கு முதல் ஆட்டத்தைவிட இதுதான் பிடிக்கும்.

முதல் பாடம், முகத்தைக் கட்டுப்படுத்துவது. அவர்கள் சரியான அட்டையைத் தொடும்போது உங்கள் கண் பளிச்சிடும். பிள்ளைகள் அதை உடனே படித்துவிடுவார்கள். அட்டையைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். இரண்டாவது, குறிப்பை விடையாகக் கொடுக்காமல் கேள்வியாகக் கொடுப்பது. மூன்று நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில், "மேசையில் உள்ளவற்றில் இதுவரை எதைப் பயன்படுத்தவில்லை?" பிறகு, "அந்தப் படத்தை இன்னொருமுறை எனக்கு வருணித்துச் சொல்கிறாயா?" கடைசியாகத்தான் விரலால் இடத்தைக் காட்டுவது. இரண்டாவது கேள்விதான் அதிகம் வேலை செய்கிறது. வருணிக்கத் தொடங்கினாலே கண் தானாகக் கூர்மையாகிவிடுகிறது.

போன கோடையில் அக்கா மகளுக்கு அன்லாக் சாகசம் ஒன்றை நடத்தினேன். எந்தப் புதிர் என்று இங்கே சொல்ல மாட்டேன். அட்டையின் படத்துக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும் இடம். அவள் அட்டையை எடுத்தாள், வைத்தாள். வேறு எதையெல்லாமோ கூட்டிப் பார்த்தாள், நிமிடங்கள் கழிந்தன. மறுபடி அதே அட்டை. இந்த முறை ஓரத்திலிருந்து தொடங்கி விரல் நகத்தால் மெல்லக் கோடு இழுத்தபடி வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. தலை நிமிரவில்லை. "மாமா, இது நிழல் இல்லை," என்றாள், மிக மெதுவாக. அந்த எண்ணை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தேன். அன்று இவ்வளவு சந்தோஷம் எனக்கு இல்லை.

நடத்துபவர் ஆட்டத்தைத் திருத்தவும் செய்யலாம். கடிகாரம் பிள்ளைகளை அழ வைக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். மொழியால் மட்டும் தடுக்கும் புதிர் வந்தால் அதற்குப் பதில் நீங்களே ஒரு விடுகதையைப் போட்டு, விடை சொன்னால் அந்தப் பூட்டு திறக்கும் என்று சொல்லுங்கள். கதைக்குப் பொருத்தமான விடுகதையாக இருந்தால் யாருக்கும் ஒட்டுப்போட்டது தெரியாது.

பத்தாம் படி: காத்திருங்கள், அல்லது கைமாற்றுங்கள்

நீங்களே மறுபடி விளையாட வேண்டும் என்றால் மறதி வேண்டும். என் அனுபவத்தில் எண்களும் சங்கேதங்களும் இரண்டு வருடத்தில் மறந்துவிடுகின்றன. தந்திரத்தை வெளிப்படுத்திய அந்த ஒரு காட்சி மட்டும் மறப்பதில்லை. ஆகவே ஒரே பெரிய தந்திரத்தை நம்பிய பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். வாசிப்பும் சுற்றித் திரிதலும் நிறைந்த பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமேக்ரோவில் 16 வழக்குகள் முடிந்த பிறகும், வழக்கில் வராத மனிதர்களின் கதைகள் வரைபடத்தில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து உங்கள் சொந்த வழக்கை எழுதலாம்.

கைமாற்றும்போது அட்டைகளை எண்ணிக் கொடுங்கள். பழைய பெட்டி ஒன்றை ஒருமுறை வாங்கினோம். முக்கால் மணி நேரம் ஒரு பூட்டின் முன் உட்கார்ந்திருந்த பிறகுதான் தெரிந்தது, ஓர் அட்டையே இல்லை. அன்றைக்கு மேசையில் விழுந்த அமைதி இன்றும் எனக்கு வலிக்கிறது. அன்லாக் அட்டைகளின் பின்பக்கத்திலேயே எண்ணோ எழுத்தோ இருக்கும். முன்பக்கத்தைப் பார்க்காமலே சரிபார்த்துவிடலாம்.

கொடுக்கும் முன் ஒரு தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தேதி, யார் யார் விளையாடினார்கள், எத்தனை குறிப்பு எடுத்தார்கள்; துப்பு எதுவும் எழுதக்கூடாது. எங்கள் பழைய அன்லாக் பெட்டி இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. அந்தத் தாளின் கடைசி வரி பென்சிலில், கோணல்மாணலான எழுத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்: "தம்பிதான் கண்டுபிடித்தான். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை."